மறு அச்சில் ஏழாவது திருத்தம்

முப்பத்தோரு வருடம் நான் சத்தம் போட்டு வாசித்துச் சம்பளம் வாங்கியவள். இதைச் சொன்னதும் வானொலியில் செய்தி வாசித்தீர்களா என்று ஆவலாகக் கேட்பார்கள். இல்லை, ஜொகூர் பாருவில் தம்போய் பக்கம் ஓர் அச்சகத்தின் பின்னறையில் உட்கார்ந்து மலாய் மொழிச் சட்ட மசோதாக்களை வாசித்தேன் என்றால் ஆவல் அணைந்துவிடும். எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் ஒரு குடும்பம் அச்சகம் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை இலவசமாக அடித்துத் தருவீர்களா என்று கேட்டது. பத்திரிகையும் அடிக்கவில்லை, கல்யாணமும் நடக்கவில்லை. இரண்டிலும் எனக்கு வருத்தமில்லை.

இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காயத்ரி போன மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். பழைய பிரதியையும் புதிய பிரதியையும் கணினியில் போட்டால், மாறிய இடங்களை அரை நிமிடத்தில் கலர் கலராகக் காட்டிவிடுகிறதாம். "அப்புறம் என்னாத்துக்கு அக்கா நீங்க ரெண்டு பேரும் மூணு மணி நேரம் கத்திக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டிருந்தாள். கூடவே நாக்கைத் துருத்துகிற ஒரு பொம்மை முகம். கைப்பேசியில் பதில் தட்டினேன், கட்டைவிரல்தான் வலித்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சட்டமன்றத்துக்கு வரும் ஒரு மசோதா முதலில் எங்களிடம்தான் அச்சாகும். அதை முதல் அச்சு என்போம். அது மன்றத்தில் தாக்கலாகி, விவாதம் நடந்து, பிறகு உறுப்பினர்கள் குழுவாக உட்கார்ந்து பிரிவு பிரிவாகப் பார்ப்பார்கள். அங்கேதான் வெட்டுவதும் சேர்ப்பதும் நடக்கும். ஒப்புக்கொண்ட திருத்தங்கள் ஒரு பட்டியலாக எங்களுக்கு வரும். ஒன்பதாம் பிரிவு, மூன்றாம் வரி, இன்ன சொல்லை எடு, இன்ன சொல்லைப் போடு என்று வரிசையாக இருக்கும். நாங்கள் அதன்படி மாற்றி, மசோதாவைத் திரும்ப அச்சடித்துக் கொடுப்போம். அதுதான் மறு அச்சு. மாறிய வரிகளுக்குப் பக்கத்தில், ஓரத்தில், நெட்டுக்குத்தாக ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அந்த மறு அச்சைக் கையில் வைத்துக்கொண்டுதான் மன்றம் மூன்றாம் வாசிப்பில் அதை நிறைவேற்றும். அதற்குப் பிறகு அது சட்டம். அதில் ஒரு சொல் தப்பாக இருந்தால் தப்புதான் சட்டம்.

ஆகவே மறு அச்சை இரண்டு பேர் வாசிப்போம். ஒருவர் வாய், ஒருவர் கண். வாயாக இருப்பவர் பழைய அச்சையும் திருத்தப் பட்டியலையும் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். கண்ணாக இருப்பவர் புதிய அச்சில் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே போவார். கோமா, நொக்தா என்று கால்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். அடைப்புக்குறியைத் திறந்தால் திறந்தேன் என்று சொல்ல வேண்டும், மூடினால் மூடினேன் என்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீட்டு ஜெபத்தில் "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே, கோமா" என்று நான் சொல்லிவிட, கூடப்பிறந்த ரோசி அக்கா விளக்கு முன்னாலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் அறைக்குத் தலைவர் ரம்லி, மலாய் மரியாதையில் என்சிக் ரம்லி. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்காது, அடி மட்டம் இருக்கும். அந்த மர அளவுகோலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, மெதுவாக இறக்கிக்கொண்டே படிப்பார். குரலை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் மேசை இழுப்பறையிலிருந்து தகர டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, நமக்கு ஓர் இஞ்சி மிட்டாய் நீட்டுவார். அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, அது கரையும்வரை அவர் எதிரில் நிற்க வேண்டும். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த மிட்டாய் கரைய எட்டு நிமிடமாவது ஆகும். வெளியில் இருந்து வருகிறவர்கள் எவ்வளவு தங்கமான மனிதர் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்களுக்கு டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டாலே கையிலிருக்கும் தாளை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

என்னோடு ஜோடியாக வாசித்தவர் முனியாண்டி அண்ணன். பாசிர் கூடாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அங்கே முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரல். அவர் வாயாக இருந்தால் அடுத்த கட்டடத்துக்கும் மசோதா கேட்கும். கெட்டிக்காரர், ஆனால் நினைவாற்றல் அதிகம். எங்கள் வேலைக்கு அது ஆகாது. ஒரு முறை நிலம் சம்பந்தப்பட்ட ஒரு மசோதா, மூன்று தடவை திருத்தி மூன்று தடவையும் நாங்களே வாசித்தது. நாலாவது முறை அவர் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டார். ஒரு விநாடிகூடத் தடங்கவில்லை. கையில் இல்லாத பக்கத்தை, கோமா நொக்தாவோடு, மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனார். நானும் டிக் போட்டுக்கொண்டே போனேன். கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்சிக் ரம்லி உள்ளே வந்து, அண்ணன் கையிலிருந்த தாள்களைப் பிரித்துக் காட்டி, "பாச்சாகா, இங்காட்கா?" என்று கேட்டார். படிக்கிறீர்களா, ஞாபகத்திலிருந்து சொல்கிறீர்களா என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டு பேருக்கும் மிட்டாய். அடுத்த நாளிலிருந்து ஒரு விதி வந்தது. முதல் அச்சை வாசித்த ஜோடி அதன் மறு அச்சை வாசிக்கக் கூடாது. வேறு ஜோடிதான் வாசிக்க வேண்டும். இந்த விதி பல வருடம் எங்களைக் காப்பாற்றியது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு மசோதா வந்தது. சாலையோரம் ஒதுக்கப்பட்ட நிலத்தில் கடை போட்டிருப்பவர்களைப் பற்றியது. முதல் அச்சு எனக்கும் அண்ணனுக்கும் வந்தது. வாய் நான். ஒன்பதாம் பிரிவுக்கு வந்தபோது ஒரே வரியை இரண்டு தடவை படித்தேன். நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் கடையை எடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் அந்த நோட்டீஸ் எப்படி இருக்க வேண்டும் என்ற படிவமும் இருந்தது. அதிலும் பதினான்கு நாள்.

ரோசி அக்காவின் கடை சிம்பாங் ரெங்கத்தில், எஸ்டேட் சாலை பெரிய சாலையோடு சேரும் முனையில் இருந்தது. காலையில் தோசை, வடை, மீகோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ். அத்தான் இறந்த பிறகு மூன்று பிள்ளைகளையும் அந்த அடுப்புதான் வளர்த்தது. கடை நின்ற இடம் சாலைக்கு ஒதுக்கிய நிலம் என்பது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பதினான்கு நாளில் வேறு இடம் பார்த்து, தண்ணீர், மின்சாரம் இழுத்து, உரிமத்துக்கு எழுதிப்போட்டு வாங்குவது நடக்கிற காரியமில்லை. விண்ணப்பத்துக்குப் பதில் வரவே ஒரு மாதம் போய்விடும்.

தாக்கலாகும்வரை மசோதாவைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. நான் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட்டபோதும், அவள் கடைக்குப் புதுக் கூரை போடப் போவதாகச் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை. கூரையை இப்போது போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்றாள். மழைக்காலம் என்றேன். மழைக்காலத்துக்குத்தாண்டி கூரையே என்றாள்.

மசோதா தாக்கலாகிப் பத்திரிகையில் வந்ததும் போன் வந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியும்க்கா. சொல்லக் கூடாது."

"கூரைய போடாதன்னு சொல்லத் தெரிஞ்சிச்சு. ஏன்னு சொல்லத் தெரியல, லா? நல்லா இரு." போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அக்கா என்னோடு பேசாமல் இருந்தது அந்த இரண்டு வாரம்தான். சோறு இறங்கவில்லை எனக்கு.

பிறகு மன்றத்தில் அந்த மசோதா குழுவுக்கு வந்தது. இரண்டு தரப்பிலும் கிராமப்புற உறுப்பினர்கள் எழுந்து பேசினார்களாம். பதினான்கு நாள் தொண்ணூறு நாள் ஆனது. மறுநாள் காலை எட்டரை மணிக்குத் திருத்தப் பட்டியல் எங்கள் அறைக்கு வந்தது. மொத்தம் ஏழு திருத்தம். ஒன்பதாம் பிரிவுக்கு மூன்றாவது திருத்தம், கடைசிப் பக்கத்துப் படிவத்துக்கு ஏழாவது. அன்றைக்கே மதியம் இரண்டரை மணிக்கு மூன்றாம் வாசிப்பு. எண்பது பிரதி வேண்டும்.

இங்கேதான் விதி உடைந்தது. எங்கள் அறையில் இருந்தது இரண்டே ஜோடி. மற்ற ஜோடியில் ஒருத்தி பிரசவ விடுப்பு, இன்னொருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். என்சிக் ரம்லி அடி மட்டத்தை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு, போன தடவை வாயாக இருந்த நான் கண்ணாகவும், கண்ணாக இருந்த அண்ணன் வாயாகவும் இடம் மாறிக்கொள்ளலாம் என்றார். அக்காவின் கடையைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உண்மையைச் சொன்னால், தொண்ணூறு என்ற சொல்லை என் கண்ணால் பார்க்க எனக்கு ஆசை.

வாசித்தோம். அண்ணன் கணீர் என்று படித்தார். ஒன்பதாம் பிரிவில் தொண்ணூறு வந்ததும் எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது. கடைசிப் பக்கம் வந்தது. அண்ணன் பட்டியலைப் பார்த்து, "செம்பிலான் பூலோ ஹாரி, நொக்தா" என்றார். தொண்ணூறு நாள், முற்றுப்புள்ளி. நான் தாளைப் பார்த்து டிக் போட்டேன். ஓரக் கோடுகளை எண்ணினேன். ஏழு திருத்தம், ஏழு கோடு. கையெழுத்துப் போட்டேன். என்சிக் ரம்லி அன்றைக்கு மன்றச் செயலகத்தோடு போனில் இருந்தார். என் கையெழுத்தைப் பார்த்து, அவரும் போட்டார். எண்பது பிரதி அடித்து, மடித்து, நடுவில் இரண்டு பின் குத்தி, பெட்டியில் கட்டி, பதினொன்றே காலுக்கு வேன் புறப்பட்டது. கெலாங் பாத்தா போகிற பக்கம், மன்றத்துக்கு அரை மணி நேரம்.

நான் மிஞ்சிய ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வெளிவாசலுக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். திருத்தம் ஊருக்கே தெரிந்த செய்தி, இனி ரகசியமில்லை. அன்றைக்கு எடுத்தாள்.

"அக்கா, தொண்ணூறு நாளு! மன்றத்துல மாத்திட்டாங்க. ஒன்பதாம் பிரிவ படிக்கவா?"

"பிரிவு கிரிவு எல்லாம் எனக்கு எதுக்குடி? கடைத் தூண்ல ஒட்டுவானுங்கல்ல, அந்த நோட்டீஸ்ல என்னா போட்டிருக்கும்? அதப் படி."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். வெயிலில் நின்றுகொண்டு, கையில் இருந்ததை அப்படியே, சத்தமாகப் படித்தேன். இந்தக் கடையை, கோமா, இந்த நோட்டீஸ் ஒட்டப்பட்ட நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள்.

"என்னாது?" என்றாள் அக்கா. "என்னடி பதினாலுங்கற? இப்பதான தொண்ணூறுன்ன?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஏம்பாட் பெலாஸ். பதினான்கு. பக்கத்தில் ஓரக் கோடும் இல்லை. அச்சுக் கோத்தவர் ஏழாவது திருத்தத்தைச் செய்யவே இல்லை. ஏழு கோடு எப்படி வந்தது? ஒன்பதாம் பிரிவின் திருத்தம் ஒரு பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த பக்கத்துக்குப் போனதால், அதன் கோடு இரண்டாக விழுந்திருந்தது. கணக்கு சரியாக வந்து என் கண்ணைக் கட்டிவிட்டது. இல்லை, கணக்கின் மேல் பழி போட வேண்டாம். அண்ணன் தொண்ணூறு என்று சொன்னபோது, என் விரல் பதினான்கின் மேல்தான் இருந்தது. நான்தான் அங்கே தொண்ணூறைப் பார்த்தேன்.

"லைன் சரியில்லக்கா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். கடைத் தூணில் ஒட்டப்போகும் தாளில் பதினான்கு என்று இருந்தால், ஒன்பதாம் பிரிவில் என்ன இருந்து என்ன பயன்? தோசைக் கல்லை வைத்துக்கொண்டு யார் பிரிவைப் படிக்கப் போகிறார்கள்?

உள்ளே ஓடினேன். முனியாண்டி அண்ணன் கோப்பையில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தார். தாளைக் காட்டினேன். "அலமாக்!" என்று கரண்டியைக் கீழே போட்டார். "தங்கச்சி, நான் தொண்ணூறுன்னுதானே சொன்னேன்?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் பாக்கல."

என்சிக் ரம்லி முன்னால் போய் நின்றேன். தப்பு நடந்தது எப்படி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அரைகுறையாகச் சொல்ல வரவில்லை. அக்காவின் கடை, இரண்டு வாரம் பேசாதது, வெயிலில் நின்று படித்துக் காட்டியது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதும் விட்டேன். அவர் இழுப்பறையைத் திறந்தார். தகர டப்பாவை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் ஒரு மிட்டாயை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு டப்பாவை மூடினார். பிறகு போனை எடுத்து, வேன் ஓட்டிப் போன பாக் மானைக் கூப்பிட்டு, மன்றத்துக் கார் நிறுத்துமிடத்திலேயே நிற்கச் சொன்னார். பெட்டியை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்றார்.

தப்பான சொல்லின் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிடலாம் என்றார் அண்ணன். என்சிக் ரம்லி வேண்டாம் என்று தலையாட்டினார். ஒட்டினது எதுவும் உரியும், உரிந்தால் அடியில் பழையது இருக்கும் என்றார். பக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். அதிலும் ஒரு வில்லங்கம். மடித்துப் பின் குத்திய புத்தகத்தில் கடைசிப் பக்கமும் அட்டைப் பக்கமும் ஒரே தாள். படிவத்தை மாற்ற வேண்டுமானால் அட்டையையும் சேர்த்து, வெளித்தாளையே மாற்ற வேண்டும். எண்பது புத்தகத்திலும் பின்னைக் கழற்றி, பழைய வெளித்தாளை உருவி, புதியதைப் போர்த்தி, மறுபடி குத்த வேண்டும். மணி பன்னிரண்டு.

திருத்திய தாளை அடிக்கும் முன் யார் வாசிப்பது? நான் எழுந்துகொண்டேன். என்சிக் ரம்லியே கண்ணாக உட்கார்ந்தார், அண்ணன் வாய். ஒரே ஒரு பக்கத்துக்கு இருவரும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். தொண்ணூறு என்று அண்ணன் சொன்னதும், என்சிக் ரம்லி அதை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு அடி மட்டம் மேசையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

எண்பது தாளையும் நீண்ட கை உள்ள பின் குத்தும் கருவியையும் எடுத்துக்கொண்டு என்சிக் ரம்லியின் பழைய காரில் மூன்று பேரும் கிளம்பினோம். சிங்கப்பூர் போகும் இரண்டாவது பாலத்துக்குப் பிரியும் சாலையில் லாரிகள் அடைத்துக்கொண்டிருந்தன. அண்ணன் கண்ணாடியை இறக்கி, லாரிக்காரர்களைப் பார்த்துத் தன் தொழிற்சாலைக் குரலில் வழி கேட்டார். கேட்ட விதத்தில் இரண்டு பேர் ஒதுங்கினார்கள். மன்றத்துக் கார் நிறுத்துமிடத்தில் வேன் ஒரு மரத்தடியில் நின்றது. பின் கதவைத் திறந்துவிட்டு, வேன் தரையிலேயே மூன்று பேரும் சப்பணமிட்டு உட்கார்ந்தோம்.

பின் கழற்றும் கருவியை யாரும் எடுத்து வரவில்லை. என் சாப்பாட்டு டப்பாவில் இருந்த முள்கரண்டியின் ஒரு முனையை வளைத்து, அண்ணன் பின்களை நெம்பினார். நான் வெளித்தாளை உருவிப் புதியதைப் போர்த்தினேன். என்சிக் ரம்லி குத்தினார், குத்திய ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் திறந்து பார்த்தார். இருபது முடிந்ததும் எங்களுக்கு ஒரு தாளம் வந்துவிட்டது. அண்ணன் "அடைப்புக்குறி திறந்தேன்" என்று சொல்லிக்கொண்டே பின்னைத் திறக்க, என்சிக் ரம்லி "மூடினேன்" என்று குத்தினார். அந்த மனிதர் வேடிக்கை பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. என்சிக் ரம்லி உருவிய பழைய தாள்களை எண்ணினார். எழுபத்தொன்பது. புத்தகங்களை எண்ணினார். அதுவும் எழுபத்தொன்பது. புதிய தாள் ஒன்று மிஞ்சிக் கிடந்தது. எங்கேயோ ஒரு பிரதி பதினான்கு நாளோடு உலாவுகிறது. பெட்டியைக் கவிழ்த்தோம், பாயைத் தூக்கினோம். யாராவது உள்ளே எடுத்துப் போயிருந்தால் என்ற நினைப்பில் எழுபத்தொன்பதையும் நான் மறுபடி எண்ணினேன். அண்ணன் பாக் மானைக் கேட்கலாம் என்று வேனின் முன்பக்கம் போனார். போனவர் அங்கேயே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாக் மான் இருக்கையைச் சாய்த்துப் போட்டு, முகத்தில் வெயில் படாமல் எண்பதாவது மசோதாவை விரித்து மூடிக்கொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். என்சிக் ரம்லி அவரை எழுப்பாமல் இரண்டு விரலால் அதைத் தூக்கி எடுத்து, ஈரத்தைத் துடைத்து, இது நம் கோப்புக்கு இருக்கட்டும் என்று சொல்லி, உள்தாள்களை நாங்கள் கையோடு கொண்டு வந்திருந்த மிஞ்சிய பிரதியிலிருந்து எடுத்துப் புதிய வெளித்தாளைப் போர்த்தினார்.

இரண்டு பத்துக்குச் செயலகத்து அம்மா வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். என்சிக் ரம்லி நடந்ததை மறைக்காமல் நாலே வாக்கியத்தில் அவரிடம் சொன்னார். பிறகு தொழுதுவிட்டு வந்தார். நாங்கள் உணவகத்தில் தே தாரேக், நுரைக்க ஆற்றிய தேநீர், வாங்கிக்கொண்டு காத்திருந்தோம். மூன்றரைக்கு அந்த அம்மா எட்டிப் பார்த்து, நிறைவேறிவிட்டது என்று கையால் காட்டினார். அண்ணன் என் பங்குப் பலகாரத்தையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

எங்கள் அறையில் ஒரு பிழைப் புத்தகம் உண்டு. யார் எந்தப் பிழையை விட்டார்கள் என்று பெயரோடு எழுதி வைப்பது. மறுநாள் காலை நான் அதைத் திறந்து என் பெயரை எழுதப் போனேன். என்சிக் ரம்லி முன்பே எழுதியிருந்தார். பிழை: படிவம், ஏழாவது திருத்தம். விட்டவர்: ரம்லி. காரணம்: விதியை மீறி ஆள் போட்டது. அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னேன். "இந்தப் புத்தகத்துக்கு மறு அச்சு கிடையாது" என்றார். அதற்குக் கீழே ஒரு புது விதியும் எழுதியிருந்தார். ஒரு மசோதாவால் தனக்கோ தன் வீட்டாருக்கோ நல்லதோ கெட்டதோ வருமானால், வாசிக்க உட்காருமுன் சொல்லிவிட வேண்டும்.

காயத்ரி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். உன் கணினி என்னைவிட நன்றாக வாசிக்கும். அதற்கு அக்கா இல்லை. ஆனால் எந்தப் பக்கத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவள் தோசைக் கடைக்காரி. சட்டம் யார் தூணில் ஒட்டப்படுமோ அவர் எந்தப் பக்கத்தைப் படிப்பார் என்று யோசித்து, அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கு.

சட்டம் வந்து ஏழெட்டு மாதம் கழித்து அக்காவின் கடைத் தூணில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினைந்தாம் நாள் ஓர் அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்து, ஏன் இன்னும் கடையை எடுக்கவில்லை என்று கேட்டாராம். அவர் தலையில் பழைய பதினான்கே இருந்திருக்கிறது. அன்று மத்தியானம் அக்கா போன் செய்தாள். குரலே துள்ளியது.

"நான் ஒரு வார்த்த பேசல, மினா. தூண்ல இருந்த நோட்டீஸ காட்டினேன். படிங்க சார்ன்னேன். அந்த ஆளு ரெண்டு தடவ படிச்சாரு. அப்புறம் சாரி சொல்லிட்டு, வடை சாப்பிட்டுட்டுப் போயிட்டாரு. தொண்ணூறுன்னு கறுப்பு எழுத்துல போட்டிருக்கு, யாரு என்னா பண்ண முடியும்?"

"சந்தோசம்க்கா" என்றேன். எண்பத்தோராம் நாள் அவள் சந்தைக்குப் பக்கத்தில் உரிமத்தோடு புதுக் கடை திறந்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் அன்றைக்குப் போனில் அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

"நீ ஒருத்திதான் அன்னைக்கி போன்ல பதினாலுன்னு படிச்சு என்னைய உயிரோட கொன்ன. பத்திரிகையில தொண்ணூறுன்னு பாக்குற வரைக்கும் மூணு நாளு தூங்கல நானு. நோட்டீஸ்ல எவ்ளோ தெளிவா தொண்ணூறுன்னு இருக்கு! இத்தன வருசமா படிக்கிற வேல பாக்குறேன்னு சொல்ற, ஒரு பேப்பர ஒழுங்கா படிக்கத் தெரியல. என்னாத்தத்தான் படிச்சியோ போ!"

நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். முள்கரண்டி, வேன், பாக் மான் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், பின்னால் எண்ணெயில் வடை பொரிகிற சத்தம் கேட்டது.

"ஆமாக்கா" என்றேன். "நான்தான் தப்பா படிச்சிட்டேன்."